காத்திருக்கும் இறைச்சி, காத்திராத இறால்

பெரிய ஹோட்டல்களின் உணவுப் பட்டியலில் ஸ்டேக்கும் சிங்கி இறாலும் ஒரே தட்டில் சேர்ந்து வரும் உணவு ஒன்று உண்டு. 1960களில் அமெரிக்காவில் பரவிய வழக்கம் அது. பட்டியலிலேயே மிகக் கூடிய விலைகளில் ஒன்று அதற்குத்தான் போட்டிருப்பார்கள். கிழக்கிலங்கையின் கொட்டியாரக் குடாவின் கரையில், சம்பூரில் பிறந்த ஒருவனின் நாக்கும் கண்ணும் அந்தத் தட்டை எப்படி மதிப்பிடும் என்பதை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். காசுள்ளவர்களின் சாப்பாடு என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதற்குள் ஒரு கலை இருக்கிறது. அந்தக் கலை பெரும்பாலும் நேரத்தைக் கையாளுவதில்தான் இருக்கிறது.

முதலில் ஸ்டேக். எங்கள் வீட்டு அடுப்பில் மாட்டிறைச்சி ஏறியதில்லை. சம்பூரில் மாடு என்றால் பால், தயிர், வயல். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் வளர்ந்தவர்களின் பழக்கம் அது. ஆனாலும் ஒரு நல்ல சமையல்காரர் இறைச்சியைக் கையாளும் விதத்தை நான் மரியாதையோடு பார்த்திருக்கிறேன். நல்ல ஸ்டேக்குக்குரிய இறைச்சி அறுத்த அன்று அடுப்புக்குப் போவதில்லை. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், காற்றோட்டமுள்ள அறையில், மூன்று நான்கு வாரம் கூடத் தொங்கவிடுகிறார்கள். அந்த நாட்களில் இறைச்சியின் நீர் வற்றுகிறது. அதிலுள்ள நொதியங்களே நார்களைத் தளர்த்திச் சுவையைக் கூட்டுகின்றன. பிறகு கடும் சூட்டில் மேற்பரப்பு பழுப்பேறச் சுட்டு, உடனே வெட்டாமல் சில நிமிடம் ஆறவிடுகிறார்கள். அவசரப்பட்டு வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். தொடக்கம் முதல் முடிவுவரை பொறுமைதான் அங்கே வேலை செய்கிறது.

சிங்கி இறாலுக்கு இது நேர்மாறு. அது உயிரோடு இருக்கும்வரைதான் அதன் சதைக்கு மதிப்பு. செத்த கணத்திலிருந்து தலைப்பகுதியிலுள்ள சமிபாட்டு நொதியங்கள் வாலை நோக்கிப் பரவி, இறுக்கமான சதையைக் குழையவைக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் உலகம் முழுவதும் இதை உயிரோடு விற்கிறார்கள், உயிரோடு ஏற்றுமதி செய்கிறார்கள். சமையலும் அப்படித்தான். இரண்டு நிமிடம் கூடிப்போனால் சதை ரப்பராகிவிடும். குறைந்துபோனால் ஓட்டை விட்டுக் கழலாது. உங்கள் முன்னால் வரும் இறால் நல்லதா என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். வாலைப் பாருங்கள். உயிரோடு அடுப்புக்குப் போன இறாலின் வால் உள்நோக்கி இறுகச் சுருண்டிருக்கும். செத்துக் கிடந்ததைச் சமைத்திருந்தால் வால் தளர்ந்து நீண்டு கிடக்கும். மேலே எத்தனை வெண்ணெய் ஊற்றினாலும் இதை மறைக்க முடியாது.

வாரக்கணக்கில் காத்திருந்து மெருகேறும் ஒன்றையும், ஒரு மணிநேரம் கூடக் காத்திராத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைப் பற்றி என் மதிப்பீடு இது: இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுவதில்லை. புகையேறிய இறைச்சியின் கனத்த சுவை முன்னே வந்தால், இறாலின் மெல்லிய இனிப்பு நாக்கில் தங்குவதே இல்லை. அந்தத் தட்டு விலையைக் காட்டுகிறது, சுவையைக் கூட்டவில்லை. 1891இல் பாரிஸில் மேடையேறிய தெர்மிடோர் நாடகத்தின் பெயரைத் தாங்கி, பாலாடையும் கடுகும் சீஸும் மூடி வருகிற இறாலைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். குளிர்நாட்டில், கடலுக்குத் தூரமான நகரத்தில், அந்த மூடல் தேவைப்பட்டிருக்கலாம். கடற்கரையில் இருக்கிற நமக்கு அது வேண்டாம். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ஒரு காலம் ஏழைகளின் சாப்பாடாக இருந்தது இந்த இறாலின் உறவுதான். விலை ஏறிய கதை வேறு, சுவை வேறு.

அப்படியானால் பெரிய உணவகம் கடலுணவை எப்படிப் பரிமாற வேண்டும்? நம் நாட்டிலேயே ஒரு நல்ல விடை இருக்கிறது. கொழும்புக் கோட்டையில், 17ஆம் நூற்றாண்டின் பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தில், 2011 டிசம்பரில் சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாசவும், கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து தொடங்கிய மினிஸ்ட்ரி ஒவ் க்ராப். அங்கே தலைமை இடம் களப்பு நண்டுக்கு. சிங்கப்பூரின் புகழ்பெற்ற சில்லி நண்டுக்கு நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருந்தது இலங்கை நண்டுதான். தடித்த கொடுக்குள்ள நண்டெல்லாம் விமானம் ஏறிவிட, இந்த நாட்டில் வாழ்பவர்களுக்கு எஞ்சியதே கிடைத்தது. அந்த நண்டை இங்கேயே நிறுத்தி, நம் நாட்டு மேசையில் முழுதாக வைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம் என்பேன். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் அது பலமுறை இடம்பெற்றது அதற்குப் பின்னால் வந்தது.

அந்த உணவகத்தில் நான் மெச்சுவது மூன்று பழக்கங்களை. உறைபெட்டியை நம்பாமல் அன்றன்று வருவதை வைத்தே நடத்துகிறார்கள். அரைக் கிலோவுக்குக் குறைந்த நண்டைப் பரிமாறுவதில்லை. அதற்கு மேல் இரண்டு கிலோவரை எடைப்படி பெயரிட்டு, இன்று எது இருக்கிறது எது இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். இல்லாததை இல்லை என்று சொல்லும் துணிவு எந்த உணவகத்துக்கும் பெரிய அணிகலன். மூன்றாவது, கையால் சாப்பிடவைக்கிறார்கள். மேலங்கி போட்டு வந்தவரும் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஓட்டை உடைத்து, விரலை நக்கித்தான் சாப்பிட வேண்டும். கத்தியும் முள்ளும் நண்டின் மூலைகளுக்குள் போகாது என்பது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை ஒரு விலையுயர்ந்த மேசையில் ஏற்றுக்கொள்ளவைத்தது சிறிய விடயம் இல்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கடலைச் சேருமிடம் கொட்டியாரக் குடா. ஆற்றின் வண்டலும் கண்டல் காடுகளும் களப்புகளும் நண்டை வளர்க்கின்றன. கரையோரக் கல்லிடுக்குகள் சிங்கி இறாலுக்கு வீடு. எங்கள் ஆட்கள் நண்டைக் கையில் எடுத்ததும் காலை அமுக்கிப் பார்ப்பார்கள். அமுங்கினால் சதை இல்லை, புதிதாக ஓடு கழற்றியது. அளவுக்கு மிஞ்சிய பாரம் தெரிந்தால் நல்ல நண்டு. நிலவுக் காலத்து நண்டு வற்றியிருக்கும், இருட்டுக் காலத்து நண்டில்தான் சதை என்பது அவர்களின் பட்டறிவு. கொழும்புச் சமையற்கூடத்தில் நடக்கும் தெரிவும் இதே தெரிவுதான். அது தொடங்குவது கரையில், தோணி இழுத்த கையில்.

வீட்டுச் சமையலில் மண்சட்டியில், வறுத்த மிளகாய்த்தூளும் இரண்டாம் பாலும் புளியும் சேர்ந்து கொதிக்கும்போது, ஓட்டோடு உடைத்த நண்டு உள்ளே போகும். ஓட்டின் சாரம் பாலில் இறங்கும். கடைசியில் முதற்பால், இறக்கும் நேரம் ஒரு பிடி முருங்கை இலை. சிங்கி இறால் கிடைத்தால் தலையை எறியமாட்டார்கள். கறியின் உயிர் அதில்தான். பிட்டோடு அதைக் குழைத்துச் சாப்பிடுகிறவருக்கு வெள்ளைத் துணி விரித்த மேசை எதையும் புதிதாகக் கற்றுத்தரத் தேவையில்லை. ஒன்றைத் தவிர. சிங்கி இறாலை மட்டும், தூளும் புளியும் குறைத்து, தணலில் வெறும் உப்போடு சுட்டுப் பாருங்கள் என்று அந்த மேசை சொல்கிறது. அதை நாம் கேட்க வேண்டும். எங்கள் தூள் நண்டைத் தாங்கும். இறாலின் இனிப்பை அமுக்கிவிடும். இதைச் சொன்னால் ஊரில் சிலர் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

இந்தக் கடலை நாங்கள் இழந்திருந்த காலம் ஒன்று உண்டு. 2006இல் போரினால் சம்பூர் முழுதும் இடம்பெயர்ந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் சனம் கிட்டத்தட்டப் பத்து வருடம் வாழ்ந்தது. கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளைகள் நிவாரண அரிசியும் பருப்பும் சாப்பிட்டு வளர்ந்தார்கள். 2015, 2016இல் காணிகள் விடுபட்டபோதுதான் அடுப்புகள் திரும்பக் கடலுக்குப் பக்கத்தில் எரிந்தன. அதே மண்ணில் எழவிருந்த 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. சுடுநீரும் நிலக்கரித் தூசும் குடாவுக்குள் இறங்காமல் போனதை நான் சுவையைப் பற்றிய செய்தியாகவும் பார்க்கிறேன். நீர் கெட்ட பிறகு எந்தச் சமையல்காரரின் கைத்திறனும் உதவாது.

ஆகவே பெரிய உணவகங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. ஸ்டேக்குக்கு அவுஸ்திரேலியா, அங்கே இந்த இன மாடு, இத்தனை நாள் பதப்படுத்தியது என்றெல்லாம் பட்டியலில் அச்சிடுகிறீர்கள். இறாலுக்கும் நண்டுக்கும் "புதியது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தக் குடா, எந்தக் களப்பு, சுழியோடிப் பிடித்ததா, கூட்டில் விழுந்ததா என்று எழுதுங்கள். கொட்டியாரம் என்ற பெயர் ஒரு பட்டியலில் வந்தால், மூதூரிலும் சம்பூரிலும் பிடிக்கிறவர் விலை பேசும்போது குரலை உயர்த்திப் பேசலாம்.

சாப்பிடப் போகும் நேயர்களுக்கும் ஒன்று. பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இலங்கையில் சிங்கி இறால் பிடிக்கத் தடை. சினையோடு இருப்பதை எந்த மாதத்திலும் பிடிக்கக் கூடாது. ஒக்டோபரில் ஒரு மேசையில் அமர்ந்திருக்கும்போது "இன்று காலை கரையேறிய இறால்" என்று பரிசாரகர் சொன்னால், எங்கே பிடித்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் நண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இருட்டுக் காலமாக இருந்தால் இன்னும் நல்லது.