ஆம்புலன்ஸ் திரும்பிப் போன பிறகு

 

பக்கவாதம், மூளையில் இரத்தக்கசிவு, விபத்தில் தலைக்காயம் என்று ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் நம் ஜமாஅத் சும்மா இருப்பதில்லை. ஜும்ஆ முடிந்ததும் துண்டு ஏந்துகிறோம். ஆபரேஷனுக்குப் பணம் சேர்ந்துவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி, மூக்கில் டியூபும் சிறுநீர்ப் பையுமாக அவரை வீட்டுக் கட்டிலில் கிடத்திவிட்டு ஆம்புலன்ஸ் போகிறதே, அதற்குப் பிறகு அங்கே நாம் யாரும் இல்லை.

சென்ற வருடம் அப்படி ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தோம். உம்ராவிலிருந்து வந்த உறவினர் ஜம்ஜம் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து அவர் வாயில் விடப் போனார். மருமகள் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். உறவினருக்கு முகம் சுருங்கியது. உண்மையைச் சொன்னால், நாங்களும் அந்தப் பெண்ணைத்தான் தவறாக நினைத்தோம்.

பிறகு ஒரு நர்ஸ் விளக்கினார். மூளை பாதித்தவருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கலாம். வாயில் விட்ட தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும். சிலருக்கு இருமல்கூட வராது. அதனால் வரும் நிமோனியா உயிரையே பறித்துவிடும். எனவே நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் டாக்டர் சொல்லாமல் எதையும் வாயில் கொடுக்காதீர்கள், அது ஜம்ஜமாக இருந்தாலும் சரி. துஆ செய்யுங்கள்.

டியூபில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்; கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். டியூப் வெளியே வந்துவிட்டால் நாமாகச் செருகக் கூடாது.

படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் வாங்கிவிட்டோமே என்று விட்டுவிட முடியாது. நாளைக்கு 12 தடவை! இரவிலும் எழ வேண்டும். அந்த மருமகள் எட்டு மாதமாக முழுத் தூக்கம் தூங்கவில்லை. மாமனாரைச் சுத்தம் செய்யும்போது இரண்டு பேருக்குமே கூச்சம். அவர் கண்ணை மூடிக்கொள்வாராம். அதற்கு ஓர் ஆண் துணை வந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் அவர்கள் இரவில் வரமாட்டார்கள். தெருவுக்கு இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் வேண்டும். வாரத்தில் ஓர் இரவு போதும். புரட்டிப் படுக்க வைக்கும் முறையை நர்ஸை வைத்துக் கற்றுத் தருகிறோம். இன்று மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். முதல் பெயராக எங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறோம்.