விடாது துணை நிற்கும் ஒருவர்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆதரவின்றி வளரும் ஒரு பிள்ளையை உயர்த்துவது எது? பணமா, பாடசாலையா, பிள்ளையின் சொந்த முயற்சியா? மூன்றும் வேண்டியனவே. ஆயினும், இம்மூன்றும் பயன்தர வேண்டுமாயின், அப்பிள்ளையை விடாது கவனிக்கும் மூத்தவர் ஒருவர் வேண்டும் என்பதே நாம் இன்று கூற வந்தது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த மயில்வாகனம் என்னுஞ் சிறுவனுக்குத் தொடக்கத்திலே கல்வி புகட்டியவர் குஞ்சித்தம்பி ஆசிரியர். அச்சிறுவனே பின்னர் சுவாமி விபுலாநந்தராகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். தாம் பெற்றதைத் தம்மளவில் நிறுத்தாது, 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய நாட்களில், அயலிலுள்ள திருவேட்களத்திலே ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பாடஞ் சொன்னார். பேராசிரியர் ஒருவர் தம் வாசல் தேடி வந்தாரென்பதே அப்பிள்ளைகளுக்கு ஒரு கல்வியன்றோ?

அறிஞரின் ஆய்வும் இதனையே காட்டுகின்றது. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955இற் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் முதலியோர் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். வறுமை, குடும்பக் குழப்பம் எனப் பல இடர்களுக்குள் வளர்ந்தவருள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் திறமும் அன்பும் உள்ளவராகவே வளர்ந்தனர். பேரன், பேத்தி, ஆசிரியர், அயலவர் என யாரேனும் ஒருவரின் நிலையான அன்பு அவர்களுக்கு உறுதுணையாயிருந்தது.

ஆனால், இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்காவிலே இளைஞருக்கு வழித்துணைவரை இணைக்கும் திட்டமொன்றை ஆராய்ந்து 2002இல் வெளியான முடிவு கவனிக்கத்தக்கது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த தொடர்புகளே மிகுந்த பயன் தந்தன. மூன்று மாதத்துள் முறிந்த தொடர்புகளிலோ, பிள்ளைகளின் தன்மதிப்பே குன்றியது. கைவிடப்பட்ட பிள்ளையை இன்னொருமுறை கைவிடுதல் உதவியாகாது.

எமது வாவியின் இரு கரைகளையும் நோக்குவோம். 2004ஆம் ஆண்டின் கடற்கோள் எழுவான்கரையின் கடலோரத்தைச் சூறையாடியது. 2009இல் ஓய்ந்த போர் படுவான்கரையிலே ஆறாத வடுக்களை விட்டது. அன்று பெற்றோரை இழந்த சிறுவர் பலர் இன்று தாமே பெற்றோராயினர். தாய் பிழைப்புத் தேடி வெளிநாடு செல்ல, அம்மம்மாவின் அணைப்பில் வளரும் பிள்ளைகளும் உளர். இவர்களுக்கு விழா நாளிலே கொப்பியும் சப்பாத்தும் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, மறுவிழா வரை மறந்திருத்தல் தகுமா?

பெரியோர்களே, ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தத் தெரு, எந்தக் குடி என்று கேளாதீர்கள். ஓராண்டு தொடர இயலாதெனில் தொடங்காதீர்கள். இளைஞர்களே, கிழமைக்கொரு நாள் குறித்து, வீட்டாரின் அறிவோடு, பலர் காணும் இடத்திலே ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ கணக்குச் சொல்லிக் கொடுங்கள். கணக்கு மறந்து போகலாம். சொன்ன நாளிலே தவறாது வந்தவரை அப்பிள்ளை மறவாது.

பணமில்லாதவரும் செய்யக்கூடிய பணி இது. இன்றே பெயர் கொடுப்போம். கொடுத்த சொல்லைக் காப்போம்.