காட்டின் தரையைப் பாருங்கள்

(கனடாவில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் 1998ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் பேச எழுந்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். இன்று பலகாரத்தை நிம்மதியாகச் சாப்பிடுங்கள். எமது வகுப்புத் தோழியர் பதினொரு பேர் மே மாதத் தொடக்கத்தில் ஒரு காட்டுக்குப் போய்வந்தோம். அங்கு கண்டதையும், வீடு திரும்பிய பின் தேடிப் படித்ததையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே வந்திருக்கிறோம்.

ஒன்ராறியோவின் தெற்கே, ஈரி ஏரிக்கரையில் ரொண்டோ மாகாணப் பூங்கா இருக்கிறது. 1894இல் அமைக்கப்பட்டது. சீனி மேப்பிள், பீச், ஓக் என்று நெடுமரங்கள் நிறைந்த காடு. நாம் பார்க்கப் போனது ட்ரில்லியம் பூவை. மூன்று இலைகள், மூன்று வெள்ளை இதழ்கள். 1937 முதல் ஒன்ராறியோவின் மலர் இதுதான். மாகாண அரசின் இலச்சினையிலும் அதுவே இருக்கிறது. எம்மில் பலர் அதை அரசாங்கக் கடிதங்களில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம். மண்ணில் பார்த்தது அன்றுதான்.

காட்டின் தரையில் என்ன முளைக்கலாம் என்பதை முதலில் தீர்மானிப்பது மேலே நிற்கும் மரம். புளியமரத்தின் கீழ் ஒன்றும் உருப்படியாக வளராது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? இங்கும் அப்படித்தான். மேப்பிள் குளிர்காலம் முழுவதும் இலையின்றி நிற்கும். பனி கரைந்த பின், அது துளிர்த்து நிழல் பரப்பும்வரை சில வாரங்களுக்கு வெயில் தரைக்கு இறங்கும். அந்தச் சில வாரங்களுக்குள் ட்ரில்லியம் எழுந்து பூத்து, தன் வேர்த்தண்டுக் கிழங்கில் உணவைச் சேர்க்கத் தொடங்கிவிடும். மேப்பிள் இலைகள் விரைவில் உக்கி மண்ணுக்குக் கல்சியத்தையும் கொடுக்கின்றன. ஓக் இலைகள் மெதுவாகவே உக்கும். வடக்கே ஹெம்லொக் என்றொரு ஊசியிலை மரம் உண்டு. ஆண்டு முழுவதும் பச்சை. அதன் கீழ் ஆண்டு முழுவதும் இருட்டு. உதிரும் ஊசியிலைகள் மண்ணை அமிலத்தன்மையாக்கும். அதன் கீழே வளரும் செடிகள் மிகச் சில.

யார் முளைக்கலாம் என்று மரம் சொல்கிறது. முளைத்ததில் யார் வளரலாம் என்று சொல்வது மான்.

தெற்கு ஒன்ராறியோவில் ஓநாய்கள் அழிக்கப்பட்டுவிட்டன. சுற்றியுள்ள வயல்களில் தீனியும் கிடைக்கிறது. அதனால் வெள்ளைவால் மான்கள் பெருகின. மான் எல்லாவற்றையும் ஒரேமாதிரித் தின்பதில்லை. ட்ரில்லியம், லில்லி வகைகள், மேப்பிள், ஓக் கன்றுகள் என்றால் விருப்பம். பன்னங்களையும் பீச் கன்றுகளையும் பெரும்பாலும் விட்டுவிடும். ட்ரில்லியம் முதற்பூப் பூக்க ஏழு வருடங்களோ அதற்கு மேலோ செல்லும். மான் ஒருமுறை கடித்தால் அந்த வருடம் வேறு இலை விடாது. மறு வருடம் சிறிதாகி வரும். மீண்டும் மீண்டும் கடிபட்டால் பூப்பது நிற்கும். பிறகு செடியே இல்லாமற்போகும். உயரமான செடிகளையே மான் முதலில் தின்பதால், மிஞ்சிய செடிகளின் உயரத்தை அளந்தே அந்தக் காட்டில் மான்களின் நெருக்கடி எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். குழந்தைகளின் வளர்ச்சி அட்டையைத் தினமும் பார்க்கும் எமக்கு இது உடனே விளங்கியது.

ஹெம்லொக்கின் கதை இன்னும் துயரமானது. அதன் அடர்ந்த கிளைகள் பனியைத் தாங்குவதால் குளிர்காலத்தில் மான்கள் அதன் கீழேதான் ஒதுங்கும். ஒதுங்கிய மான்கள் அந்த மரத்தின் கன்றுகளையே மேய்ந்துவிடும்.

இப்படி மேயப்பட்ட காட்டைப் பாதையில் நின்று பார்த்தால் குறையே தெரியாது. மேலே பச்சை, கீழே பன்னம். இடுப்பளவு உயரத்தில் மட்டும் எதுவும் இல்லை. பேரப்பிள்ளைகள் இல்லாமல் அம்மம்மாவும் அம்மப்பாவும் மட்டும் இருக்கும் வீடு அது. கிழமரம் விழும்போதுதான் அதன் இடத்துக்கு ஆளில்லை என்பது தெரியவரும். மான்களைக் குறைத்தாலும் உடனே சரியாகாது. அடர்ந்துவிட்ட பன்னத்தின் நிழல் புதிய கன்றுகளைப் பல வருடங்களுக்குத் தடுக்கும்.

மானைக் குற்றஞ்சொல்ல நாம் வரவில்லை. ட்ரில்லியம் விதையை எறும்பு சில அடிதூரந்தான் கொண்டுபோகும். மான் விழுங்கி வெகுதூரம் கொண்டுபோகும். அளவு மிஞ்சியதுதான் சிக்கல். ரொண்டோவில் 1990களில் மான்களின் தொகையைக் குறைத்தார்கள். தரைச் செடிகள் படிப்படியாக மீண்டன. நாம் பார்த்த பூக்கள் அப்படி மீண்டவை.

திரும்பும் வழியில் வாகனத்துக்குள் ஒரே பேச்சு, 1994இல் நாம் பாடசாலை முற்றத்தில் நட்ட வேப்பங்கன்றுகளைப் பற்றி. பன்னிரண்டு நட்டோம். வேலிப் பொட்டுக்குள்ளால் வந்த ஆடு ஒரே கிழமையில் ஐந்தை முடித்தது. எமது விஞ்ஞான ரீச்சர் மிச்சத்துக்கு முள்ளாலும் பனைமட்டையாலும் கூடு கட்டுவித்தார். "பிள்ளையள், மூண்டு வருசம் காப்பாத்துங்கோ. பிறகு ஆட்டால ஒண்டும் செய்யேலாது" என்றார். 1995இல் இடம்பெயர்ந்தோம். 1996இல் திரும்பியபோது ஒரே ஒரு கன்று நின்றது. கூடு விழாமல் இருந்தது அதற்கு மட்டுந்தான். வகுப்பில் 38 பேராக இருந்தவர்கள் 21 பேராகியிருந்தோம்.

இந்த மண்டபத்தைப் பாருங்கள். மூத்த அக்காமார் நிறைய இருக்கிறீர்கள். தங்கைமாரும் சிலர் வந்திருக்கிறார்கள். நாற்பதுகளில் இருப்பவர்கள் இரண்டு மேசைக்கு மேல் இல்லை. எமது இடுப்பளவு உயரத்தை மேய்ந்தது மான் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

நூற்றாண்டில் கட்டடங்களையும் பட்டங்களையும் எண்ணிப் பெருமைப்படுகிறோம், அது தகும். அதிபர் அவர்களிடம் நாம் வேறொன்று கேட்டோம்: பத்தாம், பதினோராம் வகுப்புகளில் வரவு குறைந்துவரும் பிள்ளைகள் எத்தனை பேர்? பதினேழு பேர் என்றார். பரிசளிப்பு விழாவில் அவர்களின் பெயர் வராது. அந்தப் பதினேழு பேருக்கும் உயர்தரம் முடியும்வரை போக்குவரத்துச் செலவையும் மாலை வகுப்புச் செலவையும் எமது வகுப்பு பொறுப்பேற்கிறது. ஒருநாள் அன்பளிப்பாகக் கொடுத்தால் போதாது. கூடு சில வருடங்கள் நிற்க வேண்டும். அடுத்த வருடமும் பதினேழு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு இன்னொரு வகுப்பு முன்வர வேண்டும்.

அக்காமாரிடம் உரிமையோடு இன்னொரு வேண்டுகோள். மேப்பிளைப் போல் கொஞ்சம் தாமதித்து இலை விடுவோம். சங்கத்தின் செயற்குழுவில் முப்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இடம் விடுவோம். வெயில் படட்டும்.

அந்த வேம்பு இன்றும் நிற்கிறது. போன வருடம் போனபோது அதன் கீழே மூன்று சிறு கன்றுகள் கண்டோம். பக்கத்தில் ஓர் ஆடும் நின்றது. அன்று பின்னேரமே கூடு கட்டிவிட்டுத்தான் வந்தோம்.