வினாவோடு தொடங்கும் விருந்து

ஒரு சமயத்தின் கொள்கைகளையும் வழக்கங்களையும் சிறு பிள்ளைகளுக்கு எங்ஙனம் விளக்குவது? மனப்பாடம் செய்வித்தல் ஒரு முறை. கதை சொல்லுதல் மற்றொரு முறை. யூதர் கண்ட முறை சற்றே வேறுபட்டது. அவர்கள் பிள்ளையைக் கேள்வி கேட்க வைக்கிறார்கள். கேள்வி பிறந்த பின்னரே பெரியவர் வாய் திறக்கிறார். அம்முறை நிறைந்து விளங்கும் ஓர் இரவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அது பஸ்கா இரவு. எபிரேய மொழியில் பெசாக் என்பர். மார்ச்சு இறுதியிலோ ஏப்ரலிலோ, நிறைநிலாவை ஒட்டி வருவது. எகிப்து நாட்டில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்து வாடிய இஸ்ரவேல் மக்களை, மோசேயின் தலைமையில் இறைவன் மீட்டான் என்பது அவர்தம் வேதமாகிய தோரா கூறும் வரலாறு. இறைவன் ஒருவன், உருவமற்றவன், உலகைப் படைத்ததோடு அமையாமல் அடிமையின் அழுகுரலையும் கேட்பவன். யூத சமயத்தின் உயிர்நிலை இதுவே. இவ்வரலாற்றைத் தந்தை தன் பிள்ளைக்குச் சொல்லுதல் வேண்டும் என்பது வேதம் விதித்த கடமை.

விழாவிற்கு முன்னரே பிள்ளைகளுக்கு வேலை வந்துவிடும். பஸ்கா நாள்களில் புளித்த மாவினாற் செய்த எதுவும் வீட்டில் இருத்தலாகாது. ஆகவே முந்திய இரவில் மெழுகுவத்தி ஏந்தி மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள். வீடு முன்பே துப்புரவாகிவிட்டமையால் தேடலில் ஒன்றும் அகப்படாமற் போகலாம் அன்றோ? அதற்காகவே சில ரொட்டித் துண்டுகளைப் பெரியோரே ஒளித்து வைப்பதும் உண்டு! விழாவில் உண்பது மட்ஸா என்னும் புளியாத அப்பம். மாவில் நீர் பட்டதிலிருந்து 18 நிமிடங்களுக்குள் அது சுட்டு முடிக்கப்பட வேண்டும். எகிப்தைவிட்டு விரைந்து புறப்பட்ட மக்களுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை என்பது காரணம். ஐரோப்பிய யூதர் மரபில் அந்நாள்களில் அரிசியும் விலக்கு. கீழை நாட்டு யூதருள் பலர் அரிசியை உண்பர்.

இனி விருந்துக்கு வருவோம். இவ்விருந்திற்குச் செடர் என்று பெயர்; முறைமை என்பது பொருள். ஓதும் நூல் ஹகதா எனப்படும். மேசையில் கசப்புக் கீரை இருக்கும். அடிமை வாழ்வின் கசப்பு அது. உப்பு நீர் இருக்கும், அது கண்ணீர். பழமும் பருப்பும் அரைத்த இனிய கலவை ஒன்றும் இருக்கும். செங்கற்களை இணைத்த சாந்தின் நினைவு. வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் இப்படி என்று கேட்கும். புளியாத அப்பம் எதற்கு? கசப்புக் கீரை எதற்கு? இருமுறை தோய்த்து உண்பது ஏன்? சாய்ந்தமர்ந்து உண்பது ஏன்? பண்டை உரோமர் காலத்தில் சாய்ந்தமர்ந்து உண்ணுதல் உரிமை மக்களின் வழக்கம். அடிமைக்கு அது வாய்க்குமா?

இவ்வினாக்களும் வரலாற்றால் மாறியவையே. ஏறத்தாழக் கி.பி. 200-இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் நூலில் சுட்ட இறைச்சியைப் பற்றிய வினா ஒன்று உண்டு. எருசலேம் ஆலயத்திற் பலியிட்ட ஆட்டின் இறைச்சி அது. கி.பி. 70-இல் உரோமர் அவ்வாலயத்தை அழித்தனர், பலி நின்றது. காலப்போக்கில் அவ்வினாவும் நீங்கியது. சாய்ந்தமரும் வினா வந்து சேர்ந்தது.

கேட்கப் பிள்ளை இல்லாத வீட்டில் என்ன செய்வது? மனைவி கேட்கலாம் என்கிறது தல்மூது. தனியனாயின் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கற்றறிந்த இருவர் மட்டுமே அமர்ந்திருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டே தீரவேண்டும். விடை தெரியும் என்பதற்காகக் கேள்வியை விட்டுவிட அந்நூல் இடங்கொடுக்கவில்லை.

ஹகதாவில் நான்கு பிள்ளைகள் வருகின்றனர்: அறிவாளி, தீயவன், எளியவன், கேட்கவே அறியாதவன். தீயவன், இச்சடங்கெல்லாம் உங்களுக்கு எதற்கு என்கிறான். தன்னை விலக்கிக்கொண்டு பேசுகிறான் என்பதே அவன்மீதுள்ள குறை. அவன் பெறும் விடையும் கடுமையானதே. ஆயினும் அவனையும் பந்தியில் வைத்தே பேசுகிறார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். நான்காமவனுக்கோ, அவன் கேட்குமுன் தந்தையே தொடங்குதல் வேண்டும்.

எகிப்தைத் தாக்கிய பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றிற்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சை மதுவை எடுத்துவிடுவர். பகைவரேயாயினும் மனிதர் துன்புற்றமையால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் குறைதல் முறை என்று இதற்கு விளக்கம் கூறுவோர் உண்டு.

இவ்விரவு எங்கெங்கோ நடந்திருக்கிறது. 1943 ஏப்ரல் 19 அன்று, வார்சா நகரின் சேரியில் எஞ்சியிருந்த யூதரைக் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்ல நாட்சிப் படை புகுந்தது. யூத இளைஞர் எதிர்த்துப் போரிட்டனர். அன்றிரவே பஸ்கா. பதுங்கறைகளில் சிலர் செடர் நடத்தினர் என்பதைத் தப்பியோர் எழுதியுள்ளனர்.

நமக்கு அண்மையிலுள்ள கொச்சியிலும் இது நடந்தது. ஏறத்தாழக் கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன் யூதர் தலைவன் ஒருவனுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய தொழுகைக் கூடத்தை இன்றும் காணலாம். ஆனால் 1950-களில் அம்மக்களுட் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றுவிட்டனர். கூட்டு வழிபாட்டிற்கு வேண்டிய பத்து ஆடவரை உள்ளூரில் திரட்டுவதே அக்கூடத்தில் அரிதாயிற்று. செடருக்கோ அவ்வெண்ணிக்கை வேண்டுவதில்லை. ஒரு வீடு போதும்.

விருந்து நள்ளிரவை நெருங்கும். பிள்ளைகள் உறங்கிவிடாதிருக்க ஓர் உபாயம் உண்டு. மட்ஸாவில் ஒரு பாதியை மறைத்து வைப்பர். அதைக் கண்டெடுத்த பிள்ளை பரிசு பெறாமல் தராது; அதை உண்ணாமல் விருந்து முடியாது! பின்னர் எலியா தீர்க்கதரிசிக்கென ஒரு கிண்ணம் நிரப்பி வாயிற்கதவைத் திறந்து வைப்பர். இறுதியில் ஓர் ஆட்டுக்குட்டிப் பாட்டு. குட்டியைப் பூனை தின்னும், பூனையை நாய் கடிக்கும், நாயைக் கோல் அடிக்கும், கோலை நெருப்பு எரிக்கும் என்று அது நீண்டுகொண்டே போகும். கடைசி அடி வருமுன் வினாக்களைக் கேட்ட கடைக்குட்டி பெரும்பாலும் தாயின் மடியில் உறங்கிப் போயிருக்கும்.