கைப்பிடி மாவும் பிள்ளையின் கற்பனையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)



டொக்டர் ஒருவர் பேச வருகிறார் என்றால் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் என்று ஏதாவது ஒன்றைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் ஒரு கைப்பிடி கோதுமை மாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது செயலாளர் அக்கா தொலைபேசியில் சிறிது நேரம் பேசாமலே இருந்தார். பிறகு, "சரி, நீர் சொன்னால் ஏதும் காரணம் இருக்கும்" என்றார். அந்தக் காரணத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சிறுபிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பிள்ளையின் காய்ச்சலுக்கோ இருமலுக்கோ மருந்தெடுக்க வரும் தாய்மார், எழும்பிப் போகும் நேரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டொக்டர், இவனுக்கு மூன்றரை வயசாகுது. பென்சில் பிடிக்கிறானில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆனா, ஆவன்னா முழுக்க எழுதுது. இவனுக்கு ஏதும் குறையோ?" கேட்கும்போதே அந்தத் தாயின் குரல் தாழ்ந்துவிடும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பிள்ளையின் மேலேயே விழத் தொடங்கிவிட்டது.

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது கையைப் பற்றி. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்கே பெரும்பாலும் ஓர் எலும்பும் தெரியாது. மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் அப்போது குருத்தெலும்பாகவே இருக்கும். மூன்று வயதளவில் இரண்டோ மூன்றோ தெரியும். கடைசி எலும்பு தெரிவதற்கு ஏறத்தாழப் பத்து வயதாகிவிடும். கை இன்னும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் காலம் அது. விரல்களின் சிறுதசைகளும் வேலை செய்துதான் உரம் பெறவேண்டும். மாவைப் பிசைவது, உருட்டுவது, கிள்ளுவது, தட்டுவது, விரல்நுனியால் அழுத்துவது எல்லாம் அந்த வேலைதான். பிள்ளைக்கு அது பயிற்சி என்றே தெரியாது. ஆகவே அலுப்பும் வராது.

கை உரம் பெறுவது பாதிக் கதைதான். மற்றப் பாதி இதைவிடப் பெரியது.

கடையில் வாங்கிய பொம்மைக் கார் எப்போதும் கார்தான். மா உருண்டைக்குச் சொந்தமாக ஓர் உருவமில்லை. பிள்ளை சொன்னால் அது தோசை. அடுத்த நிமிடம் ஆமை. பிறகு அம்மம்மாவின் மூக்குத்தி. இரண்டு வயதை ஒட்டித்தான் பிள்ளைகள் இப்படி ஒன்றை இன்னொன்றாக வைத்து விளையாடத் தொடங்குகிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கவேண்டாம். 'அ' என்பது தாளில் உள்ள ஒரு வளைந்த கோடு. அந்தக் கோடு ஓர் ஒலிக்காக நிற்கிறது என்று ஏற்றுக்கொண்டால்தான் வாசிப்பு வரும். மா உருண்டையைக் காட்டி "இது பிட்டு" என்று சொல்லும் பிள்ளை, ஒரு பொருள் இன்னொன்றுக்காக நிற்கலாம் என்பதை ஏற்கெனவே கற்றுவிட்டது. ரஷ்ய உளவியலாளர் வைகொட்ஸ்கி, எழுத்துக்கு முந்திய வரலாறு பிள்ளையின் பாவனை விளையாட்டிலும் கிறுக்கல்களிலும் இருக்கிறது என்று விளக்கியவர். ஆகவே எழுத்து வரவில்லையே என்று விளையாட்டை நிறுத்தும்போது, எழுத்துக்கு வரும் வழியைத்தான் நாங்கள் அடைக்கிறோம்.

இது புதுக் கண்டுபிடிப்புமல்ல. 1837இல் ஜேர்மனியில் சிறுவர் பூங்காவைத் தொடங்கிய புரோபல் தம் பிள்ளைகளின் கைவேலைகளில் களிமண்ணையும் சேர்த்திருந்தார். இன்று உலகமெங்கும் விற்கும் 'பிளே டோ' என்ற வர்ண மா, முதலில் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் சுவர்க்கடதாசியில் படியும் கரியைத் துடைப்பதற்காகச் செய்யப்பட்டது. கரி அடுப்புகள் குறைய அதன் வியாபாரமும் படுத்தது. கே சூஃபால் என்ற முன்பள்ளி ஆசிரியை அதைத் தன் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அது விளையாட்டுப் பொருளாகச் சந்தைக்கு வந்தது. ஓர் ஆசிரியையின் கண்ணுக்குப் பட்ட விஷயம் அது.

எங்கள் வயதுக்காரருக்கு அந்த டப்பாக்கள் கிடைக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். சிரட்டையில் மண் சோறும் பூவரசம் இலையில் கறியும் ஆக்கினோம். களிமண்ணில் வீடு கட்டினோம். பங்கரும் கட்டினோம். மண் பொம்மைகளைப் பங்கருக்குள் இருத்தி, பொம்மர் போன பிறகு வெளியே எடுத்து, சோறு தீத்தி, நித்திரையாக்கினோம். அப்போது அது விளையாட்டு. இப்போது மருத்துவராக யோசித்துப் பார்க்கிறேன். பயத்தை எங்கள் கைக்குள் அடங்கும் அளவாக நாங்களே சிறிதாக்கிக்கொண்டோம். எங்கள் பங்கருக்குள் இருந்த எல்லோரும் ஒவ்வொரு நாளும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இதையே சிறுவர் விடுதியிலும் பார்க்கிறேன். ஊசி என்றாலே வீறிட்டு அழும் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி. தாதி ஒருவர் அவளுக்கு மாவும், ஊசி கழற்றிய புதுச் சிரிஞ்சும் கொடுத்தார். அவள் மாவில் ஒரு பிள்ளை செய்து, அதன் கையைப் பிடித்து, "அழாதையுங்கோ, கொஞ்சம்தான் நோகும்" என்று ஊசி போட்டாள். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து ஊசி. மறுநாள் அவளுக்கு ஊசி போட்டபோது அழத்தான் செய்தாள். ஆனால் கையை நீட்டிவிட்டு அழுதாள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எழுதிக்கொள்ள விரும்புபவர்கள் எழுதிக்கொள்ளலாம். கோதுமை மா இரண்டு கப், உப்புத்தூள் அரைக் கப், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி. கொழுக்கட்டைக்குக் குழைப்பதுபோலக் கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பையால் கிளறுங்கள். ஏறத்தாழ முக்கால் கப் போதும், ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மா தூவலாம். சூடு ஆறியபின் பிள்ளையிடமே பிசையக் கொடுங்கள். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் தூள், சிவப்புக்கு பீட்ரூட் சாறு, பச்சைக்கு வல்லாரைச் சாறு. மஞ்சள் உடுப்பில் பட்டால் போகாது, பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள். குளிர் நாடுகளில் தேங்காய் எண்ணெய் உறையும், அங்கே சூரியகாந்தி எண்ணெய் நல்லது. மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு கிழமைக்கு மேல் இருக்கும். மணமோ பூஞ்சணமோ வந்தால் எறிந்துவிடுங்கள்.

மருத்துவர் என்ற முறையில் சில எச்சரிக்கைகள். இதில் உப்பு அதிகம். நுனிநாக்கில் பட்டால் பயமில்லை. அள்ளி விழுங்கினால் இரத்தத்தில் உப்பு கூடி ஆபத்தாகலாம். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில் இதைக் கொடுக்கவேண்டாம். இரண்டு வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு அரிசி மாவில் செய்யுங்கள். வீட்டு நாய்க்கும் இது எட்டக்கூடாது.

எப்படி விளையாடுவது? இதில்தான் நாங்கள் பெரியவர்கள் சறுக்குகிறோம். யானை செய்து காட்டி, "இதுபோலச் செய்" என்போம். பிள்ளையின் யானைக்குத் தும்பிக்கை இல்லை என்று நாங்களே ஒட்டிவிடுவோம். "இது என்ன நிறம்? எத்தனை உருண்டை?" என்று பரீட்சை வைப்போம். பிள்ளை கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய்விடும். பக்கத்தில் இருங்கள். அது கடை வைத்தால் நீங்கள் வாடிக்கையாளர். "பசிக்குது முதலாளி, என்ன இருக்கு?" என்று கேளுங்கள். "கொத்து ரொட்டி இருக்கு, ஆனா சுடும், ஊதிச் சாப்பிடுங்கோ" என்று பதில் வரும். ஊதிச் சாப்பிடுங்கள். கதை எங்கே போகிறது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அக்காமாருக்கு ஒன்று. "தமிழிலை கதை" என்று சொன்னால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அடுப்படி மேசையில் மாவோடு உட்கார்ந்தால் உருட்டு, பிசை, தட்டு, கிள்ளு, புழி, அவி, பரிமாறு என்று அத்தனை வினைச்சொல்லும் கையோடு சேர்ந்து வரும். கை செய்ததை வாய் மறக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் திரை முன் அமர்ந்திருக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. போனைப் பறித்துவிட்டு வெறுங்கையோடு விட்டால் எந்தப் பிள்ளையும் அழும். அந்தக் கைக்கு வேறு ஏதாவது கொடுக்கவேண்டும்.

நிறைவாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஆரம்பப் பிரிவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். கணினி, பெரிய திரை என்று நல்ல யோசனைகள் வந்திருக்கின்றன. அவற்றோடு நான்கு பதிவான மேசைகளையும் மாதாமாதம் கொஞ்ச மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை. உண்மையில் விலைகூடியது நேர அட்டவணையில் அரை மணித்தியாலம். பிள்ளைகள் விளையாட, ஒருவரும் புள்ளி போடாத அரை மணித்தியாலம். அதை நன்கொடையாகத் திரட்ட முடியாது. அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து மனம் வைக்கவேண்டும். விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று சொல்லும் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. நாங்களும் ஏற்றுக்கொள்வோம்.