மீண்டவர் பேச, மீள்பவர் கேட்க



1935-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு விடுதி. குடியை விட்டு ஐந்தே மாதமான பில் வில்சனுக்கு மறுபடியும் குடிக்கத் தோன்றியது. அவர் மதுக்கூடத்துக்குள் போகவில்லை. தொலைபேசியை எடுத்து, தன்னைப் போலவே தவிக்கும் இன்னொருவரைத் தேடினார். டாக்டர் பாப் கிடைத்தார். கால் மணி நேரம் மட்டும் பேசலாம் என்று வந்த டாக்டர், பல மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அப்படித்தான் பிறந்தது. அதே வழியில் 1953-இல் கலிபோர்னியாவில், ஹெராயின் போன்ற போதையில் சிக்கியவர்களுக்காக 'நார்க்காட்டிக்ஸ் அனானிமஸ்' தோன்றியது. கட்டணம் கிடையாது. விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

பிரவுன் சுகர் எனும் ஹெராயினை நிறுத்தியவருக்கு முதல் சில நாட்கள் உடம்பு வலி முறித்துப்போடும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அது தணியும். ஏக்கம் மாதக்கணக்கில் நிற்கும். இதற்குள் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். மறுபடி அதே அளவை எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் வாரங்களே பேராபத்தானவை. நடுராத்திரியில் ஏக்கம் வந்தால் அவர் யாரிடம் சொல்வார்? அம்மாவிடம் சொன்னால் அழுவார். அந்த இரவைத் தானும் கடந்து வந்தவர்தான் பயப்படாமல் கேட்பார்.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனையின் பணியைத் தொடங்கினார். அங்கே குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. குடிநோய்ச் சிகிச்சை முகாமை மஞ்சக்குடி கிராமத்துக்கே கொண்டுபோனார்கள். ஊராரும் கைகொடுத்தார்கள். சென்னைக்குப் போக முடியாதவர் சொந்த ஊரிலேயே, தெரிந்த முகங்களுக்கு நடுவே மீள வழி பிறந்தது.

வழக்கு வருமோ என்று அஞ்சி மகனை வீட்டுக்குள் மறைக்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு போதைப்பொருள் வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர் தாமாகவே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது.

மருத்துவத்துக்குக் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கட்டணமில்லா உதவி எண் 14446. சிகிச்சை முடிந்து வருசநாட்டுப் பக்கம் திரும்பும் பிள்ளைகள் வாரம் ஒரு சாயங்காலம் கூடி உட்கார, மயிலாடும்பாறையில் ஓர் அறை வேண்டும். பத்து நாற்காலி, ஒரு குடம் தண்ணீர் போதும். உள்ளே வருபவரின் ஊர், பேர், சாதியை யாரும் கேட்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் அந்த அறையின் சாவியை இந்த மாதமே கொடுக்க வேண்டும்.