அம்மாவின் மரவள்ளிக்கிழங்கு

(ஆடித் திருவிழா அன்னதான உபயத்தின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாம் வல்ல அன்னை மாரியம்மனின் திருவடிகளை வணங்குகிறேன்.

இன்றைய அன்னதானம் எங்கள் குடும்பத்தின் உபயம். 2014-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்த எங்கள் தாயாரின் நினைவாக இதனை ஆண்டுதோறும் செய்து வருகிறோம். சாதம், சாம்பார், பாயசத்தோடு மரவள்ளிக்கிழங்கும் ஏன் பரிமாறப்படுகிறது என்று அன்பர்கள் சிலர் கேட்டதுண்டு. திருவிழாப் பந்தியில் கிழங்கா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர்களுள் என் மூத்த தமையனாரும் ஒருவர். அதற்கு விடை கூறவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

எங்கள் தாயார் 1935-இல், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியபோது அவருக்கு வயது ஆறு. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப்போனது. பால்வெட்டு நின்றது, சம்பளமும் நின்றது. வாழைமர நோட்டைக் கட்டாகக் கொடுத்தாலும் ஒரு படி அரிசி கிட்டாத காலம் அது. லயத்தின் பின்புறமெங்கும் மரவள்ளிக் குச்சிகளை நட்டார்கள். 1943-இல் என் தாத்தாவைச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை அவ்வாண்டு அக்டோபரில் முடிந்தது. தாத்தா திரும்பி வரவில்லை. 1945-இல் போர் ஓயும்வரை பாட்டியையும் மூன்று குழந்தைகளையும் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான்.

அந்நாளைக் கடந்து வந்தவர்களில் பலர் பிற்காலத்தில் மரவள்ளியைக் கண்ணெடுத்தும் பார்க்க விரும்பியதில்லை. எங்கள் தாயாரோ நேர்மாறானவர். சந்தையில் நல்ல கிழங்கைக் கண்டுவிட்டால் வாங்க வந்த காய்கறியையே மறந்துவிடுவார். தோலைத் தடிமனாகச் சீவி, நெடுநேரம் நீரில் ஊறவைத்து, பாத்திரத்தை மூடாமல் கொதிக்கவிட்டு, முதல் நீரை வடித்துக் கொட்டுவார். கிழங்கில் இயற்கையாகவே உள்ள நஞ்சை நீக்கும் வழி இது என்பதைப் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தார். வெந்ததும் பிளந்து நடுநரம்பை உருவி எறிவார். மேலே தேங்காய்ப்பூவும் ஒரு சிட்டிகை உப்பும்; பக்கத்தில் நெத்திலிச் சம்பல். ஆலய வளாகத்தில் நெத்திலியைப் பற்றிப் பேசலாகாது எனில் அன்னை பொறுத்தருள்வாளாக. அச்சம்பலின் வாசனை வந்துவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வாசலில் நிற்பார்கள். அவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகே தாயார் உண்பார், உண்ணும்போது பேசமாட்டார்.

எங்களுக்கு அது வெட்கமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பட்டணத்தில் வீடு வாங்கிய பிறகு, விருந்தினர் வரும் நாளில் கிழங்கை அடுப்பிலேற்ற வேண்டாம் என்று சொன்னவர்கள் நாங்கள்.

பின்னர் அவருக்குச் சர்க்கரை நோய் கண்டது. சோற்றையும் கிழங்கையும் குறைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் சொன்னார். குறைக்கத்தான் சொன்னார், நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தியவள் நான். அன்பினால்தான் செய்தேன். ஆயினும் அளவோடு ஒரு துண்டு கொடுப்பதைக் காட்டிலும் முற்றாக மறுப்பது எனக்கு எளிதாக இருந்தது என்பதும் உண்மை. 2014-ஆம் ஆண்டு வைகாசியில், “கொஞ்சம் கிழங்கு அவிச்சுத் தாம்மா” என்று கேட்டார். “அடுத்த ரத்தப் பரிசோதனை முடியட்டும், அம்மா” என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பரிசோதனைக்குக் குறித்த நாளுக்கு முன்பே காலமானார்.

அவ்வாண்டு தீபாவளிக்கு முதல்நாள், நம் வழக்கப்படி வீட்டில் முன்னோர்க்குப் படையலிட்டோம். மறைந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது நாம் அறிந்த மரபுதானே. முறுக்கு, அதிரசம், கோழிக்கறி எல்லாம் வைத்தோம். நான் கிழங்கையும் சம்பலையும் கொண்டுவந்து வைத்தபோது தமையனார், “பஞ்சத்துச் சாப்பாட்டையா அம்மாவுக்குப் படைப்பது?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. சாம்பிராணி காட்டி, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தோம். உயிரோடு இருந்தபோது ஒரு துண்டு மறுத்தவள், இப்போது தட்டு நிறைய வைத்துவிட்டு நிற்கிறேனே என்ற எண்ணம் என்னை உலுக்கிவிட்டது.

தமையனார் கேட்ட கேள்விக்கு விடை பிறகு இந்த ஆலயத்திலேயே கிடைத்தது. ஆடி மாதத்தில் அன்னைக்கு நாம் எதைப் படைக்கிறோம்? கூழைத்தானே! கேழ்வரகுக் கூழ் அரண்மனை உணவன்று. உழைத்தவர்களும் இல்லாதவர்களும் குடித்து உயிர் வளர்த்தது. அதை அன்னை மனமுவந்து ஏற்கிறாள் என்றால் மரவள்ளியை மட்டும் தள்ளிவிடுவாளா? மறு ஆண்டு உபயத்தில் கிழங்கையும் சேர்க்க அனுமதி கேட்டபோது நிர்வாகத்தினர் மறுப்பின்றி இசைந்தனர். அவர்களுக்கு என் நன்றி. தமையனாரும் இப்போது எதிர்ப்பதில்லை. இம்முறை கிழங்கு வாங்கி வந்தவரே அவர்தான்.

இன்று விடியுமுன்னே வந்து 30 கிலோ கிழங்கைத் தோல் சீவித் தந்த தாய்மார்களுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம். நடுநரம்பை எல்லாம் எடுத்துவிட்டார்கள். சம்பல் மட்டும் இல்லை. இலை போட்டாகிவிட்டது என்று மடப்பள்ளியிலிருந்து கைகாட்டுகிறார்கள். அனைவரும் பந்திக்கு வாருங்கள்.